பச்சையை அமுக்கிய வீடு

நாடு முழுவதும் சிவப்பை அமுக்கியபோது ஒரே ஒரு வீடு பச்சையை அமுக்கியிருந்தது. அது தன் வீடுதான் என்று சின்னவளுக்குத் தெரிய வந்த நேரத்தில் அவள் ஒரு முதியவரின் முழங்கை மடிப்பில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊசியை இறக்குவதற்கு முன்னால் "சுருக்குன்னு ஒரு நொடிதான்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பிய நாட்கள் உண்டு. வீட்டில் அக்கா பெரியவள், இவள் சின்னவள். வேலையிடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கே நின்றாலும் இடத்தை அடைக்காமல் நிற்பவள் என்பதால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. இருவருடைய சட்டையிலும் வெள்ளியில் செய்த ஒரு கண் குத்தியிருந்தது. இமை இல்லாத கண். பார்வையாளர் திருப்தி வாரியத்தின் சின்னம் அது.

"நாங்க ரத்தம் குடுக்க வரலம்மா," என்றார் நெட்டை. "உங்க வீட்டுப் பெட்டி விஷயமா வந்திருக்கோம்."

"முதல்ல என் கையை அவிழ்த்து விடச் சொல்லுங்கய்யா," என்றார் முதியவர். ரப்பர் பட்டை இறுகி அவர் கை நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

பெட்டி என்றால் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி. வாரியம் தானாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் கொண்டுவந்து வைக்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது கௌரவம். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது, மனம் நிறைந்திருந்தால் பச்சைப் பொத்தான், நிறையாவிட்டால் சிவப்பு. எதையும் அமுக்காமல் விட்டால், அமுக்கும்வரை பெட்டி இரண்டு நிறத்திலும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

போன வாரம்தான் வாரியத்தின் சொந்தத் தயாரிப்பான 'தாழ்ப்பாள்' என்ற மர்மத் தொடர் முடிந்திருந்தது. பெரிய வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். ஏதோ வாங்கப் போன கணவன் திரும்பவில்லை. வாரத்துக்கு ஒரு அறை வீட்டிலிருந்து காணாமல் போகிறது. சமையலறையில் ஒரு குதிரை நிற்கிறது, அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைசி வாரம் ஒரு அறையும் ஒரு கதவும்தான் மிச்சம். யாரோ தட்டுகிறார்கள். அவள் போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. தட்டியது யார், அறைகள் எங்கே போயின, குதிரை யாருடையது என்று ஒன்றும் சொல்லவில்லை. மக்கள் எவ்வளவு ஆத்திரத்தோடு சிவப்பை அமுக்கினார்கள் என்றால், பல வீடுகளில் பொத்தான் உள்ளே போனது வெளியே வரவேயில்லை.

"உங்க வீட்ல யாரு பச்சையை அமுக்குனது?" என்று குட்டை கேட்டார். "அந்த ஆள் வாரியத்துக்கு வேணும்."

"எதுக்கு சார்?"

"பாக்கத்தான். எப்படி இருக்காங்கன்னு."

கண்ணாடிக்கு வெளியே ஒரு வண்டி நின்றது. அதன் பின் கதவில் உள்பக்கம் கைப்பிடி இல்லை. 

தொடர் முடிந்த அன்று மாலை அவளுக்கு வேலை இருந்தது. வீட்டில் இருந்தது அக்கா மட்டும்.

அக்காவின் கணவர், இவளுக்கு மாமா, போன வருஷம் ஒரு மாலை குளியலறை பல்பு போய்விட்டது என்று புது பல்பு வாங்கப் போனார். போனவர் போனவர்தான். தெருமுனைக் கடைக்காரர், இந்தப் பக்கம் வரவேயில்லையே என்றார். போலீஸில், வளர்ந்த ஆள்தானே, பார்ப்போம் என்றார்கள். அன்றிலிருந்து அக்கா வாசலைத் தாண்டியதில்லை. கதவைத் திறப்பதும் இல்லை. யாராவது தட்டினால் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூச்சையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். துணி தைக்கக் கொடுப்பவர்கள் சன்னல் வழியாகக் கொடுத்து, சன்னல் வழியாகவே வாங்கிப் போனார்கள். வெளியிலிருந்து சாவியாலும் உள்ளிருந்து தாழ்ப்பாளாலும் ஒரே பூட்டைத் திறக்கும்படி அமைந்த கதவு அது. சின்னவள் தன் சாவியால் திறந்துகொண்டு வருவாள், போவாள். குளியலறையில் வேறு பல்பு போட அக்கா விடவில்லை. இருவரும் இருட்டில் குளித்தார்கள்.

அந்த அக்காவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, வாசலைத் தாண்ட வைத்து, கைப்பிடி இல்லாத கதவுக்குள் ஏற்றுவதைச் சின்னவள் ஒரு கணம் கண்ணுக்குள் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான், அந்தத் தொடரைத் தான் ஒரு வாரம்கூட உருப்படியாகப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வாரியக் கட்டடத்தின் நடைபாதை நீளமாக, மருந்து வாடையோடு இருந்தது. இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொன்றிலும் பலகை. வியப்புப் பிரிவு. முதல்நிலைக் குழப்பம். இரண்டாம்நிலைக் குழப்பம். கண்ணீர் (மகிழ்ச்சி). கண்ணீர் (மற்றவை). கடைசியில் ஒரு கதவில் பூட்டுக்கு மேல் அரக்கு முத்திரை இருந்தது.

"இது என்ன சார்?"

"பயப் பிரிவு," என்றார் நெட்டை. "அதை மூடியாச்சு."

"ஏன்?"

"அளக்க முடியல. ஆளுங்க உண்மையிலேயே பயந்துட்டா பொத்தான் பக்கமே வர்றதில்ல. அளக்க முடியாததை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

இருட்டறையில் ஒரு நாற்காலி. அதில் அவளை உட்கார வைத்து, தெளிவு அதிகாரி என்ற அம்மாள் அவள் மணிக்கட்டில் ரப்பர் பட்டையைச் சுற்றினார். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். தான் தினமும் நாற்பது கைகளில் கட்டுகிற அதே மாதிரிப் பட்டை தன் கையில் இறுகுவதைச் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க," என்றார் அவர். "சுருக்குன்னு ஒரு நொடிதான்."

திரையில் 'தாழ்ப்பாள்' கடைசிப் பகுதி ஓடத் தொடங்கியது. அதிகாரிகள் எல்லோரும் சட்டென்று திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

"நீங்க பாக்கலையா மேடம்?"

"நாங்களா? வாரியத்துல யாரும் நிகழ்ச்சி பாக்கக் கூடாது. பாத்தா ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா அப்புறம் எப்படி அளக்கறது?"

மூடுபனி வந்தது. குதிரை வந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை, கொட்டாவிதான் வந்தது. பிறகு தட்டும் சத்தம் கேட்டது. திரையிலிருந்த பெண் எழுந்து நடந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அந்தக் கை நடுங்கியது. அதைப் பார்த்ததும் சின்னவளுக்குப் பிடரி குளிர்ந்தது. உள்ளங்கையில் வியர்வை கசிந்தது. பாழாய்ப்போன பொய் இப்போது பல்லைக் காட்டப்போகிறது என்று நினைத்தாள்.

"நாடி எகிறுது," என்றார் தெளிவு அதிகாரி. "உள்ளங்கை வேர்க்குது. நாக்கு வறண்டிருக்கு. முகத்துல ரத்தமே இல்ல."

"அப்படின்னா?" என்றார் குழப்ப அதிகாரி. ஒல்லியான, எப்போதும் தலையைச் சொறியும் மனிதர்.

"இதுதான் திருப்தி. எழுதிக்கங்க."

மாலையில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சின்னவள் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வந்தபோது அக்கா ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏன்டி நீ போய் மாட்டிக்கிட்ட? நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா வந்திருப்பியா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏன்க்கா பச்சையை அமுக்குன?"

"அந்தப் பொண்ணோட கையைப் பாத்தியா?"

"நடுங்குச்சு."

"அது நடிப்பு இல்ல. அந்தப் பக்கம் யாருன்னு அவகிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. குதிரை, பனி எல்லாம் எவனோ கடையில வாங்கி அடுக்கி வச்ச மாதிரி இருக்கு. அந்தக் கை ஒண்ணுதான் பொய் இல்ல." அக்கா ஊசியில் நூல் கோத்தாள். "நான் ஒருத்திதான் இப்படி இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னொருத்தியும் நிக்கிறா. அதான் அமுக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. ஒரு தடவை 'யாரு'ன்னு கேட்டிருக்கலாம் அவ. வாய் இருக்கில்ல."

"நீ கேக்கறதே இல்லையே."

"நான் கேட்டா," என்றாள் அக்கா, "பதில் வந்துடுமே."

மறுபடியும் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அடுத்த நாள் வாரியத்தின் பெரிய மண்டபத்துக்குச் சின்னவளைக் கூட்டிப் போனார்கள். எல்லாப் பிரிவு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் 'திருப்தி' என்று ஒரு சிறிய பலகையை நிறுத்தியிருந்தார்கள். தலைவர் பேச எழுந்தார். நல்ல குரல் அவருக்கு. எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்ற வைக்கிற குரல்.

"நாம தப்பு பண்ணல. அதை முதல்ல சொல்லிடறேன்," என்றார். "சில வருஷத்துக்கு முன்னாடி 'கிணற்று விளக்கு'ன்னு ஒரு தொடர் போட்டோம். கிணத்துக்குள்ள ஒரு விளக்கு எரியும். யார் ஏத்துனது, எதுக்கு எரியுது, கடைசிவரைக்கும் சொல்லல. நாடே பச்சையை அமுக்குச்சு. அழுதுகிட்டே அமுக்குச்சு. அதை எழுதின அம்மாவைக் கூப்பிட்டு, அது என்னம்மா விளக்குன்னு கேட்டேன். 'தெரியல சார். ஆனா எழுதி முடிக்கிறவரைக்கும் எனக்கே கிணத்துப் பக்கம் போகப் பயமா இருந்துச்சு'ன்னாங்க. தெரியாதவங்களை வச்சுக்கிட்டு ஒரு வாரியம் நடத்த முடியுமா? மாலை போட்டு அனுப்பிட்டோம்."

கைதட்டல்.

"அப்புறம் அந்தத் தொடரைப் பிரிச்சுப் போட்டு அளந்தோம். மூடுபனி எவ்வளவு, பதில் சொல்லாத கேள்வி எவ்வளவு, காரணமே இல்லாம வர்ற மிருகம் எவ்வளவு. அதுல ஒரு ஆடு இருந்துச்சு. 'தாழ்ப்பாள்'ல குதிரை வச்சோம். ஆட்டைவிடக் குதிரை பெருசுங்கறதை யாரும் மறுக்க முடியாது. பனியை ரெண்டு மடங்கு ஆக்கினோம். எழுதறதுக்கு ஒருத்தருக்குப் பதிலா ஒரு குழுவையே போட்டோம். ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு தனித்தனி அறையில பூட்டி வச்சோம். மர்மம்னா அப்படித்தானே? முடிவு என்னன்னு அவங்க யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதைவிட நேர்மையா ஒரு மர்மத்தை யாரால எடுக்க முடியும்? மக்கள்கிட்ட விட்டுட்டோம். அவங்க எடுத்துக்கல. அதுக்கு நாம என்ன பண்றது?"

அதற்கும் கைதட்டல். சின்னவளும் பயத்தில் தட்டினாள்.

பிறகு முடிவை அறிவித்தார். தொடருக்கு ஒரு விளக்கப் பதிப்பு வரும். நேரடி ஒளிபரப்பு. கதவு திறக்கப்படும். அந்தப் பக்கம் யார் என்பது காட்டப்படும்.

"யாரைக் காட்டறது?" என்று குழப்ப அதிகாரி கேட்டார். "கணவனையா?"

"கணவன் வந்தா, இத்தனை நாள் எங்க இருந்தான்னு கேப்பாங்க. அதுக்கு இன்னொரு குழு போடணும்."

"குதிரையை?"

"அது ஏற்கெனவே உள்ள இருக்கு."

தெளிவு அதிகாரி எழுந்தார். "ஒரு போலீஸ்காரர் நிக்கட்டும் சார். கணவர் இறந்துட்டார்னு சொல்லட்டும். அதோட எல்லாம் முடிஞ்சது. சாவு மாதிரித் தெளிவு வேற எதுவும் கிடையாது."

"துக்கமா இருக்காதா?"

"துக்கம் வேற பிரிவு சார்."

எல்லோரும் கை தூக்கினார்கள். கதவைத் திறக்கப்போவது யார் என்ற கேள்வி வந்தபோது மண்டபத்திலிருந்த அத்தனை கண்களும், வெள்ளிக் கண்களையும் சேர்த்து, சின்னவள் பக்கம் திரும்பின. நாட்டிலேயே திருப்தியாக இருக்கும் ஒரே ஆள் அவள். அவள் திறந்தால் மக்கள் நம்புவார்கள்.

"என்னால முடியாது சார்," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தெளிவு அதிகாரி பக்கத்தில் வந்து குனிந்தார். வாசனைப் பொடி மணத்தது. "பெட்டியில பதிஞ்ச விரல் அழுத்தமும் உங்க விரலும் ஒத்து வரலைன்னு அளவுப் பிரிவுல சொல்றாங்கம்மா. ஊசி பிடிச்சுத் தேஞ்ச விரலாம் அது. வீட்ல தைக்கிறவங்க யாராவது இருக்காங்களா?" சின்னவள் தன் விரல்களை மடக்கிக்கொண்டாள். "நீங்க ஒத்துழைச்சா, அந்த விஷயத்தை நான் தெளிவுபடுத்தாம விட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து, "'தாழ்ப்பாள்' மறுபடி போடுற அன்னைக்கு மட்டும் டிவி போடாதக்கா," என்று கெஞ்சிப் பார்த்தாள். ஏன் என்று அக்கா கேட்டாள். சொன்னால் அதுவே அந்தப் போலீஸ்காரர் சொல்வதுபோல ஆகிவிடும். சொல்லாமல் முழித்தாள்.

"நான் போடாட்டி அது போட்டுக்கும்," என்று அக்கா பெட்டியைக் காட்டினாள். உண்மைதான். வாரியத்துக்கு முக்கியமான நிகழ்ச்சி என்றால் பெட்டியே தொலைக்காட்சியை உயிர்ப்பித்துவிடும். அணைக்கவும் விடாது.

ஒளிபரப்பு நாளன்று, வாசலிலேயே அவள் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தொடரில் அந்தப் பெண் போட்டிருந்த நீல உடையைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். அது இரண்டு ஆள் கொள்ளும் அளவில் இருந்தது. பின்னால் குண்டூசி குத்தி இறுக்கினார்கள்.

படப்பிடிப்புக் கூடம் ஒரு கிடங்கு மாதிரி உயரமாக, குளிராக இருந்தது. நடுவில் ஒரு நிலையும் கதவும். சுவரில்லாமல் தனியாக நிற்கும் கதவு. அதற்கு அப்பால் கறுப்புத் துணி. ஓரத்தில் குதிரை எதையோ மென்றுகொண்டு நின்றது. இன்னொரு பக்கம் கண்ணாடியின் முன்னால் போலீஸ் உடையில் ஒரு குண்டு நடிகர் உட்கார்ந்து தன் ஒரே வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும்மா. உங்க வீட்டுக்காரர் இனிமே வரமாட்டார்." ஒப்பனைக்காரரிடம் திரும்பினார். "எங்க அழுத்தட்டும்? 'இனிமே'லயா, 'வரமாட்டார்'லயா?"

"முதல்ல மீசையை ஒட்ட விடுங்க," என்றார் ஒப்பனைக்காரர்.

சின்னவளுக்கு அந்த வசனம் ஏற்கெனவே அக்காவின் காதில் விழுந்துவிட்டதுபோல இருந்தது. ஓடிவிடலாம் என்று பார்த்தாள். வாசலில் நெட்டையும் குட்டையும் நின்றார்கள்.

"சத்தம் கேட்டதும் எழுந்து நடங்க," என்றார் தலைவர். "கை வைங்க. திறங்க. மத்ததை அவர் பாத்துக்குவார்."

எல்லா விளக்குகளும் கதவின் மேல் விழுந்தன. மற்ற இடமெல்லாம் இருட்டாகிவிட்டது. கேமராவின் மேல் சிறிய சிவப்பு ஒளி வந்தது.

தட்டும் சத்தம் கேட்டது.

அவள் நடந்தாள். கால் தன்னுடையதுபோல இல்லை. தாழ்ப்பாள் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அதன் மேல் கை நடுங்குவதை அவளே வேடிக்கை பார்த்தாள். இதே நேரத்தில் அக்கா இயந்திரத்தை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி உட்கார்ந்திருப்பாள். இந்தத் தாழ்ப்பாள் விலகினால் அக்காவின் வீட்டுக் கதவும் திறந்துவிடும். அந்த வசனம் நேராக உள்ளே வந்து நிற்கும்.

"யாரு?" என்று கேட்டாள்.

கூடத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். எழுத்துக் குழுவில் யாரும் அந்தக் கேள்வியை எழுதியிருக்கவில்லை. கதவு திறந்த பிறகு என்ன பேசுவது என்றுதான் எழுதியிருந்தார்கள். திறக்காவிட்டால் என்ன என்று ஒரு வரியும் இல்லை.

பதிலுக்கு மறுபடி தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

தட்டல் மெதுவானது. தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல், ஆனால் போகவும் மனமில்லாமல் தட்டுவதுபோல. குதிரை மெல்லுவதை நிறுத்தியது. அதன் இரண்டு காதுகளும் கதவுப் பக்கம் திரும்பின. இருட்டிலிருந்து தலைவர் கையை ஆட்டி, திற, திற என்று சைகை காட்டினார். சின்னவள் திறக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் ஒரு கை இப்படியே வைத்தபடி நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டாள், தட்டல் வந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி வந்தது. அப்படியே நேரம் தீர்ந்து, பெயர்கள் ஓடத் தொடங்கின. சிவப்பு ஒளி அணைந்தது.

"அந்தப் போலீஸ்காரர் எங்கய்யா?" என்று தலைவர் கத்தினார். "ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லத் தெரியாதா?"

"இங்க இருக்கேன் சார்."

குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து வந்தது. கண்ணாடியின் முன்னால் நடிகர் எழுந்து நின்றார். உதட்டுக்கு மேல் பாதி மீசை தொங்கிக்கொண்டிருந்தது.

"பசை காயல சார். நான் இன்னும் போகவே இல்ல. வேற யாரையோ அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக.

"ஒலிப் பிரிவா அது?" என்றார் தலைவர். அவருடைய நல்ல குரல் எங்கோ போயிருந்தது.

"நாங்க இன்னும் எதையும் போடவே இல்ல சார்."

"தெளிவு அதிகாரி, போய்த் திறந்து பாருங்க."

"கதவு தச்சுப் பிரிவோட பொருள் சார்."

"நான் செஞ்சு குடுத்ததோட சரி," என்றார் தச்சர். "உள்ள என்ன, வெளியில என்னங்கறது குழப்பப் பிரிவு."

குழப்ப அதிகாரி அதற்குள் வாசலை எட்டியிருந்தார்.

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒளிபரப்பு முடிஞ்சுடுச்சு. அதனால இப்ப தட்டறது நிகழ்ச்சியில சேராது," என்றார். "சேராத ஒண்ணுக்கு நாம பொறுப்பு இல்ல. விளக்கை அணைச்சுட்டு எல்லாரும் கிளம்புங்க. குதிரையைப் பிடிங்க."

குதிரை வர மறுத்தது.

அப்போது நெட்டை ஓடிவந்தார். "சார், பெட்டி எல்லாம் பச்சை சார். நாடு முழுக்க."

"எதுக்கு?" என்றார் தலைவர். கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தது. "நாம ஒண்ணுமே காட்டலையே. எதுக்குய்யா பச்சை?"

 குட்டை, தனக்குத்தானே பேசுவதுபோலக் கேட்டார். "அந்த மூடுன பிரிவோட சாவி யார்கிட்ட இருக்கு?"

சின்னவள் அந்த நீல உடையிலேயே வெளியே வந்து நடக்கத் தொடங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவரவருக்கு முதுகைக் கதவுப் பக்கம் காட்டாமல் நகர்வதே பெரிய வேலையாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். தெருவில் எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. ஒவ்வொரு கதவையும் பார்த்துப் பார்த்து நடந்தாள். தன் வீட்டு வாசலுக்கு வந்து சாவிக்குக் கையை விட்டபோதுதான் கைப்பை வாரியத்திலேயே இருப்பது தெரிந்தது. வேறு வழியில்லை. தட்டினாள்.

உள்ளே தையல் இயந்திரம் நின்றது. மூச்சும் நின்றிருக்கும். சன்னலுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று நினைத்தாள். ஆனால் தான் தட்டிய சத்தம் கூடத்தில் கேட்ட அதே சத்தம்போலக் காதில் நின்றது. இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் பயமாகத்தான் இருக்கும் என்பது அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. மறுபடி, மெதுவாக, தட்டினாள்.

நாற்காலி நகர்ந்தது. காலடி கேட்டது. ஒரு வருஷமாகக் கதவுப் பக்கம் வராத காலடி. நின்று, வந்து, மறுபடி நின்று, கதவுக்கு நேர் அந்தப் பக்கம் வந்துவிட்டது. தாழ்ப்பாளில் கை படும் சத்தம் கேட்டது. இரும்பு லேசாகக் கடகடத்தது.

"யாரு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. இந்த நிமிஷம் வரை அக்காவின் கதவுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் நிற்கலாம். கையில் பல்போடு கூட நிற்கலாம். தான் பேசிவிட்டால் அது வெறும் சின்னவளாகிவிடும். சுருக்கென்று ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியை அக்காவிடமிருந்து அவசரமாகப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான்தான்க்கா," என்றாள் பிறகு.

தாழ்ப்பாள் விலகியது. அக்கா நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவளுக்குப் பின்னால் பெட்டி பச்சையும் சிவப்புமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நாட்டிலேயே அது ஒன்றுதான் இன்னும் அமுக்கப்படாத பெட்டியாக இருக்கும்.

"அங்க தட்டுனது யாருடி?"

"தெரியலக்கா."

அக்கா தலையாட்டினாள். அது போதுமான பதில் என்பதுபோல.

"சாவி அங்கேயே போயிடுச்சு," என்றாள் சின்னவள். "நான்னு தெரியாமதானே எழுந்து வந்த? ஏமாத்திட்டேனாக்கா?"

"நீ தட்டுறது எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியாதா?" அக்கா தங்கையின் தோளுக்கு மேலாகத் தெருமுனைவரை ஒரு தடவை பார்த்தாள். "தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாத்தேன்."